மருந்து கணையத்தைக் காயப்படுத்தினால் இரத்தம் என்ன சொல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தால் கணையம் பாதிக்கப்படும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

கணையம், இரைப்பைக்குப் பின்புறம் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சுரப்பி. இன்சுலின் சுரக்கும் உறுப்பு என்றே அது பலருக்கும் அறிமுகம். ஆனால் இன்சுலினைச் சுரக்கும் திட்டுகள் அதன் எடையில் மிகச் சிறு பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி, மாவுச்சத்தையும் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகளைத் தயாரித்துச் சிறுகுடலுக்கு அனுப்பும் அசினார் செல்களால் ஆனது. இறைச்சியையே கரைக்கக்கூடிய நொதியை வைத்திருக்கும் இந்தச் செல், தானே கரைந்துபோகாமலிருக்க, அந்நொதியைச் செயலற்ற முன்வடிவில் தனி உறைகளுக்குள் பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டு செல்லுக்குள்ளேயே திறந்துகொண்டால் கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சியை இவ்வாறு விளக்கியவர் ஹான்ஸ் கியாரி, ஆண்டு 1896.

மருந்துகள் இந்த இடத்துக்கு வந்துசேரும் வழிகள் பல. சில மருந்துகள் நோயெதிர்ப்பு அமைப்பைக் கணையத்தின்மீது திருப்பிவிடுகின்றன. சில நேரடியாக அசினார் செல்லை நஞ்சூட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜன், டாமாக்ஸிஃபென் போன்றவை இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பை மிகையாக ஏற்றி, அதன் மூலமாகத் தீங்கு செய்கின்றன. ஓபியாய்டு வலிநிவாரணிகள் கணைய நாளம் குடலில் திறக்கும் வாயிலை இறுக்குகின்றன. வழி எதுவாயினும் முடிவில் செல் சிதைந்து, உள்ளிருந்தவை இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தில் நாம் தேடுவது இந்தச் சிதைவின் தடயங்களைத்தான்.

இது எவ்வளவு அரிது?

திடீர்க் கணைய அழற்சிக்கு முதன்மைக் காரணங்கள் பித்தப்பைக் கல்லும் மதுவும். மருந்தால் வருவது மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அரிது என்பதனாலேயே இது ஆராய்ச்சிக்குக் கடினமாகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் பங்கேற்கும் மருந்துச் சோதனையில்கூட ஒரு சிலருக்கே இந்தத் தீங்கு நேரும். அந்தச் சிலரை வைத்து ஒரு சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று முடிவுகட்டுவது எளிதன்று.

கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செய்வதுபோல் திசுவை எடுத்துப் பார்க்கலாமே?

செய்யலாம், ஆனால் செய்வதில்லை. கல்லீரல் விலா எலும்புகளுக்குக் கீழே ஊசிக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கணையம் வயிற்றின் ஆழத்தில், பெரிய இரத்தக் குழாய்களுக்கு நடுவில் இருக்கிறது. அதைக் குத்துவதே அழற்சியைத் தூண்டிவிடக்கூடும். புற்றுநோய் சந்தேகம் இருந்தால் அந்த ஆபத்தை ஏற்கலாம். மருந்தின் பக்கவிளைவா என்று பார்ப்பதற்காக யாரும் ஏற்கமாட்டார்கள். சி.டி. ஸ்கேன் வீக்கத்தையும் திசு அழிவையும் காட்டும், ஆனால் லேசான காயத்திலும் தொடக்க நாள்களிலும் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எனவே எஞ்சியிருப்பது இரத்தமும், ஓரளவுக்குச் சிறுநீரும்தான்.

எந்த மருந்துகளைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டும்?

கணைய அழற்சியுடன் தொடர்புபடுத்தி அறிவிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். அதில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு நோயாளி அறிக்கைகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டவை. சான்று உறுதியாக உள்ளவை சில. குடல் அழற்சி நோய்க்குத் தரப்படும் அசதயோப்ரின், மெர்காப்டோபியூரின் ஆகியவை அவற்றில் முதல் வரிசை. இவற்றை உட்கொள்வோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு, பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்ளேயே, கணைய அழற்சி வருகிறது. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்தின் உறையில் இதற்காகவே 2000ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. எச்.ஐ.வி. சிகிச்சையில் ஒருகாலத்தில் பரவலாக இருந்த டிடனோசினும், பீகாரில் காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு நெடுங்காலம் ஊசியாகப் போடப்பட்ட சோடியம் ஸ்டிபோகுளுக்கனேட்டும் இதே வரிசையில் வருபவை.

இவை எல்லாவற்றிலும் நெருக்கடியை மிகத் தெளிவாகக் காட்டுவது அஸ்பராஜினேஸ். குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும் கூட்டு மருந்துகளில் இது இன்றியமையாதது. சிகிச்சைத் திட்டத்தைப் பொறுத்து 2 முதல் 18 விழுக்காடு நோயாளிகளுக்குக் கணைய அழற்சி வருவதாக அறிக்கைகள் கூறுகின்றன. ஒருமுறை வந்தபின் மீண்டும் இதே மருந்தைத் தந்து பார்த்த 96 குழந்தைகளின் பதிவுகளைப் பல நாட்டு மருத்துவர்கள் தொகுத்து 2017இல் வெளியிட்டனர்: 44 பேருக்கு அழற்சி மறுபடி வந்தது. அதாவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்தது, மறுபாதிக்கு வரவில்லை. மருந்தை நிறுத்தினால் புற்றுநோய் திரும்பும் அச்சம். தொடர்ந்தால் கணையம் அழியும் அச்சம். இந்தக் குழந்தைக்கு வருமா, அந்தக் குழந்தைக்கு வராதா என்று முன்கூட்டிச் சொல்லும் இரத்தப் பரிசோதனை இருந்தால், அது எத்தனை பெற்றோரின் உறக்கத்தைக் காப்பாற்றும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படி ஒன்று இன்னும் மருத்துவமனையில் இல்லை.

அமைலேஸ் பரிசோதனை நூறாண்டாக இருக்கிறதே, அது போதாதா?

அமைலேஸ் என்பது மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி. இரத்தத்தில் அதன் அளவைக் கணைய நோயைக் கண்டறியப் பயன்படுத்தலாம் என்று செயின்ட் லூயிஸ் நகரில் ராபர்ட் எல்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1929இல் காட்டினார்கள். அறுவைச் சிகிச்சை செய்து வயிற்றைத் திறந்தால்தான் கணைய அழற்சி தெரியும் என்றிருந்த காலத்தில் அது பெரும் மாற்றம். ஆனால் அமைலேஸ் கணையத்துக்கு மட்டும் உரியதன்று. நலமாக இருப்பவரின் இரத்தத்தில் உள்ள அமைலேஸில் பாதிக்கு மேல் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வருவது; பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தைக்குக் கணையம் நன்றாக இருந்தாலும் அமைலேஸ் ஏறியிருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது வெளியேறாமல் தேங்கும். அமைலேஸ் மூலக்கூறுகள் எதிர்ப்புரதத்துடன் ஒட்டிப் பெரிதாகிச் சிறுநீரில் வடிய முடியாமல் நின்றுவிடும் நிலையும் உண்டு. எந்த நோயும் இல்லாத ஒருவரை அது ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக் கூடங்களுக்கு அலையவிடும்.

காலமும் ஒரு குறை. காயம் நேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறும் அமைலேஸ், 3 முதல் 5 நாள்களில் இறங்கிவிடுகிறது. வயிற்று வலியை வாய்வு என்று நினைத்து மூன்று நாள் வீட்டு வைத்தியம் செய்துவிட்டு வருபவரிடம் அது இயல்பாகவே இருக்கக்கூடும்.

லைபேஸ் அதைவிட மேலானதா?

ஆம், ஆனால் பலர் நம்பும் அளவுக்கு அல்ல. கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸ் 4 முதல் 8 மணி நேரத்தில் ஏறி, ஒரு நாளில் உச்சத்தைத் தொட்டு, 8 முதல் 14 நாள் வரை உயர்ந்தே இருக்கிறது. தாமதமாக வருபவரையும் பிடித்துவிடும். கணையத்தில் அதன் செறிவு மிகவும் அதிகம் என்பதால் மற்ற உறுப்புகளால் ஏற்படும் குழப்பமும் குறைவு. இன்று ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் லைபேஸையே செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை, செலவைத் தவிர.

ஆனாலும் சிறுநீரகச் செயலிழப்பு, குடல் துளைபடுதல், கட்டுப்பாடற்ற நீரிழிவில் வரும் கீட்டோ அமில மிகை ஆகியவற்றில் லைபேஸும் ஏறும். எந்த நோயும் இன்றி வாழ்நாள் முழுவதும் கணைய நொதிகள் உயர்ந்தே இருக்கும் மனிதர்களும் உண்டு. இத்தாலிய மருத்துவர் குல்லோவின் பெயரால் இந்த நிலை வழங்குகிறது. அத்தகையவர் ஒரு புதிய மருந்தைத் தொடங்கிய வாரத்தில் முதன்முறையாக லைபேஸ் பார்த்தால், பழி மருந்தின் மேல் விழும். மருந்தைத் தொடங்கும் முன் ஓர் அடிப்படை அளவை எடுத்து வைத்திருந்தால் அந்தப் பழி விழாது.

‘இயல்பு வரம்பைப்போல் மூன்று மடங்கு’ என்பது எங்கிருந்து வந்தது?

திடீர்க் கணைய அழற்சியை வரையறுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டிலிருந்து. கணைய அழற்சிக்கே உரிய வயிற்று வலி, இயல்பு உச்சவரம்பைவிடக் குறைந்தது மூன்று மடங்கு உயர்ந்த லைபேஸ் அல்லது அமைலேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டு இருக்க வேண்டும் என்கிறது அது. இங்கே கவனிக்க வேண்டியது, நொதி அளவு தனியாக நின்று நோயை நிறுவ முடியாது என்பதே. உச்சவரம்பு 60 யூனிட் என்று வைத்துள்ள ஆய்வகத்தில் 190 வந்தால் அது மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. வரம்பை 160 என்று வைத்திருக்கும் வேறோர் ஆய்வகத்தில் அதே 190 ஒரு பொருட்டே அல்ல. இரண்டு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைத்து ‘ஏறிவிட்டது’ என்று பதறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அறிக்கையின் வலப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பை.

வலியே இல்லை, ஆனால் மருந்து தொடங்கியபின் லைபேஸ் ஏறியிருக்கிறது. கணையம் பாழாகிறதா?

இந்தத் துறையில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட கேள்வி இது. நீரிழிவுக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் தரப்படும் ஜிஎல்பி-1 வகை ஊசிகளின் வரலாற்றில் இதற்கான விடை கிடைக்கிறது.

இவ்வகையில் முதலில் வந்த எக்ஸெனடைடைப் பயன்படுத்திய 30 பேருக்குக் கணைய அழற்சி வந்ததாக அறிக்கைகள் கிடைத்ததை 2007இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் அச்சம் வளர்ந்தது. இறுதியில் அந்த நிர்வாகமும் ஐரோப்பிய மருந்துகள் முகமையும் தனித்தனியே எல்லாத் தரவுகளையும் தோண்டிப் பார்த்துத் தங்கள் கருத்தை 2014இல் சேர்ந்து வெளியிட்டன. ஏறக்குறைய 250 நச்சியல் ஆய்வுகள், அவற்றில் ஏறக்குறைய 18,000 விலங்குகள், மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகள் ஆகிய அனைத்தையும் சீர்தூக்கி, மருந்துதான் காரணம் என்ற கூற்று இருக்கும் தரவுகளோடு பொருந்தவில்லை என்று அவை தெரிவித்தன. எச்சரிக்கையை மட்டும் விலக்கவில்லை.

பின்னர் இதே வகையைச் சேர்ந்த லிராகுளுடைடை 9,340 நீரிழிவு நோயாளிகளிடம் ஆராய்ந்த ‘லீடர்’ சோதனை, இரத்த நொதிகளைத் தொடர்ந்து அளந்தது. முதல் வியப்பு, மருந்து தொடங்கும் முன்பே வந்தது: எந்த அறிகுறியும் இல்லாத இவர்களில் சுமார் 23 விழுக்காட்டினருக்கு லைபேஸோ அமைலேஸோ இயல்புக்கு மேல் இருந்தது. மருந்து எடுத்தவர்களிடம், போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால், லைபேஸ் சராசரியாக 28 விழுக்காடும் அமைலேஸ் 7 விழுக்காடும் உயர்ந்தன. ஆனால் கணைய அழற்சியோ, மருந்து எடுத்தவர்களில் 0.4 விழுக்காட்டினருக்கும் போலி மருந்து பெற்றவர்களில் 0.5 விழுக்காட்டினருக்கும் வந்தது. நொதி ஏறியவருக்குத்தான் பின்னால் அழற்சி வரும் என்ற தொடர்பும் காணப்படவில்லை; ஏறிய நொதியை வைத்து முன்னறிவித்தால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

இதற்கு என்ன பொருள்? அமைலேஸும் லைபேஸும் வெளியே அனுப்புவதற்காகவே தயாரிக்கப்படும் சரக்குகள். செல் சற்று மும்முரமாக வேலை செய்தாலே, குடலுக்குப் போக வேண்டியதில் ஒரு சிறு பங்கு பின்வாசல் வழியாக இரத்தத்துக்கு வந்துவிடும். ஆலைக்கு வெளியே சரக்கு சிந்திக் கிடக்கிறது என்பதை வைத்து ஆலை எரிகிறது என்று முடிவுகட்ட முடியாது. இன்றைய நொதிப் பரிசோதனைகளின் அடிப்படைக் குறை இதுதான் என்பது என் கருத்து: அவை கசிவை அளக்கின்றன, காயத்தை அல்ல. நோயெதிர்ப்பு அமைப்பின் மீதுள்ள தடையை நீக்கிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் மருந்துகளிலும் இதே கதை நடக்கிறது. வலியற்ற லைபேஸ் உயர்வு அடிக்கடி வருகிறது, உண்மையான அழற்சி அதைவிட மிகக் குறைவாகவே வருகிறது. எண்ணை மட்டும் பார்த்து உயிர்காக்கும் மருந்தை நிறுத்துவதும் ஒரு தீங்குதான்.

நொதி ஏறாமலேயே கணையம் காயப்பட்டிருக்க முடியுமா?

முடியும். டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ள இரத்தத்தில் அமைலேஸ் அளவீடு தடைபட்டுப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மருந்தால் டிரைகிளிசரைடு ஏறி அதனால் அழற்சி வந்தவரிடம் இது நேர்வது பெரிய முரண். அடுத்தது, ஏற்கெனவே தேய்ந்த கணையம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதினரிடம் காணப்படும் வெப்பமண்டலச் சுண்ணக் கணைய அழற்சியில், ஆண்டுகள் செல்லச் செல்ல அசினார் செல்கள் நாராக மாறிவிடுகின்றன. சிந்துவதற்குச் சரக்கே இல்லாத நிலையில், புதிதாக ஒரு மருந்து எஞ்சிய திசுவைத் தாக்கினாலும் லைபேஸ் மூன்று மடங்கைத் தொடாமல் போகலாம். அத்தகையவர்களிடம் வலியையும் ஸ்கேனையும் நம்ப வேண்டியிருக்கிறது.

டிரிப்சினோஜனை ஏன் அளப்பதில்லை?

டிரிப்சினோஜன், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியின் செயலற்ற முன்வடிவம். அதை அளக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் வேறு காரணத்துக்காக: பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத் துளியில் டிரிப்சினோஜன் மிகையாக இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் இருக்கலாம் என்று பல நாடுகளில் சோதிக்கப்படுகிறது. திடீர்க் கணைய அழற்சிக்கும் அதைப் பயன்படுத்தலாம். சிறுநீரில் நனைத்து எடுக்கும் டிரிப்சினோஜன்-2 பட்டை ஒன்றை ஃபின்லாந்தில் உருவாக்கி, ஹெல்சின்கியில் கடும் வயிற்று வலியோடு வந்த 500 பேரிடம் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். நோய் உள்ளவர்களில் 94 விழுக்காட்டினரை அது பிடித்தது, நோய் இல்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைபோல் சில நிமிடங்களில் விடை தருவது.

இன்னும் நுட்பமானது, டிரிப்சினோஜனின் பூட்டு திறக்கும்போது கழன்று விழும் சிறு புரதத் துண்டு. நொதி இரத்தத்தில் இருப்பதை அல்லாமல், நொதி விழித்துக்கொண்டதையே அது காட்டுகிறது. கருத்தளவில் எனக்கு மிகவும் பிடித்தது. நடைமுறையில், அது விரைவாகச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது, அளப்பதும் தொல்லை. எனவே வழக்கமான பரிசோதனையாக அது நிலைபெறவில்லை.

சி-ரியாக்டிவ் புரதம் உதவுமா?

உடலில் எங்கு அழற்சி இருந்தாலும் இரத்தத்தில் ஏறும் புரதம் இது; கணையத்தின் காயத்தைக் கண்டுபிடிக்க உதவாது. கணைய அழற்சி உறுதியானபின், 48 மணி நேரத்தில் அது லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் நோய் கடுமையாகப் போகலாம் என்று கணிக்க மட்டும் உதவும்.

மைக்ரோ ஆர்என்ஏ என்று புதிதாகச் சொல்கிறார்களே, அது என்ன?

ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட மிகச் சிறிய ஆர்என்ஏ துண்டுகள் இவை; புரதமாக மாறுவதில்லை, எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன. 1993இல் ஒரு நுண்புழுவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டன. அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

கணையத்தைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியவை மைக்ரோ ஆர்என்ஏ-216ஏ, 216பி, 217 என்ற மூன்றும், 375 என்ற நான்காவதும். முதல் மூன்றும் மனிதனின் 2ஆம் குரோமோசோமில் அருகருகே குடியிருப்பவை. அசினார் செல்லில் மிகுதியாகவும் மற்ற உறுப்புகளில் மிகக் குறைவாகவும் காணப்படுபவை. 375 முதலில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் கண்டறியப்பட்டது. குடல் போன்ற இடங்களிலும் இருப்பதால் அதன் சாட்சியத்தைச் சற்றுத் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும்.

இவை நொதிகளிலிருந்து வேறுபடுவது, செல்லின் உள்வேலைக்காரர்கள் என்பதில். வெளியே அனுப்பத் தயாரித்த சரக்கு அல்ல இவை; எனவே இரத்தத்தில் இவை பெருமளவில் தென்பட்டால் செல்லின் சுவரே உடைந்திருக்க வாய்ப்பு மிகுதி. இதய நோயில் டிரோபோனின் பெற்ற மதிப்பும் இதே காரணத்தால் வந்ததுதான்: அது இதயத் தசைக்கு உரியது, வழக்கமாக வெளியே வராதது. மேலும், புரதங்களோடு பிணைந்தும் நுண்குமிழ்களுக்குள் பொதிந்தும் இருப்பதால் இரத்தத்தில் இவை எளிதில் அழிவதில்லை. எலிக்கும் நாய்க்கும் மனிதனுக்கும் இவற்றின் எழுத்து வரிசை ஏறக்குறைய ஒன்றே. புரதமாக இருந்தால் ஒவ்வோர் உயிரினத்துக்கும் தனி எதிர்ப்புரதம் தேட வேண்டியிருக்கும். மருந்து நிறுவனங்களின் நச்சியல் ஆய்வகங்களுக்கு இந்தக் கடைசி வசதியே பெரிய ஈர்ப்பு.

அப்படியானால் மருத்துவமனையில் ஏன் இன்னும் வரவில்லை?

அளப்பது கடினம் என்பது முதல் காரணம். லைபேஸ் எண் ஒரு மணி நேரத்துக்குள் கருவியிலிருந்து வரும். மைக்ரோ ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, பிசிஆர் முறையில் பெருக்கி, அளவை எதனோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். அந்த ஒப்பீட்டு அளவுகோல் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதால் ஓரிடத்து எண் இன்னோரிடத்தில் செல்லாது. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் பல மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவு குழம்பும். நலமானவர்களிடம் இவற்றின் இயல்பு வரம்பு என்ன, வயதும் உணவும் அதை எப்படி மாற்றும் என்பவையெல்லாம் பெருந்திரளான மக்களிடம் நிறுவப்பட வேண்டும். மேலும் உயிருள்ள செல்களும் நுண்குமிழ்கள் வழியே இவற்றைச் சிறிதளவு வெளியிடுவது உண்டு. ஆகவே ‘உடைந்தால்தான் வரும்’ என்ற வாதத்தை முற்றுமுடிவாகக் கொள்ளக் கூடாது.

விலங்குகளில் இவற்றை எப்படிச் சோதிக்கிறார்கள்?

கணையத்தை வேண்டுமென்றே காயப்படுத்த நம்பகமான பொருள் வேண்டும். நீண்டகாலமாகப் பயன்பட்டு வருவது செருலீன். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலில் கிடைத்த இப்பொருளுக்கு அந்தத் தவளையின் அறிவியல் பெயரிலிருந்தே பெயர் வந்தது. உணவு வந்ததும் கணையத்தைத் தூண்டும் ஹார்மோனைப்போல் அது நடிக்கும். மிகையாகச் செலுத்தினால் சுரக்கச் சொல்லிச் சொல்லியே செல்லைச் சிதைத்துவிடும். மற்றொன்று, பெருமளவில் செலுத்தப்படும் அர்ஜினைன் அமினோ அமிலம். அர்ஜினைன் செலுத்திய எலிகளின் பிளாஸ்மாவில் மைக்ரோ ஆர்என்ஏ-216ஏ உயர்ந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. செருலீன் ஆய்வுகளில் இந்தத் துண்டுகள், நொதிகள் சில மடங்கே ஏறும் இடத்தில் அதைவிடப் பன்மடங்கு ஏறின.

விலங்கில் உள்ள பெரிய நன்மை, அன்றே கணையத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, இரத்தம் சொன்னது உண்மையா என்று சரிபார்க்கலாம் என்பது. மனிதரிடம் முடியாது என்று மேலே சொன்னது இதைத்தான். ஆகவே மனிதரிடம் இந்தப் புதிய குறியீடுகளை, அதாவது காயத்தைக் காட்டும் இரத்த அடையாளங்களை, சோதிக்கும்போது, எதைக் குறைபாடுள்ளது என்கிறோமோ அந்த லைபேஸையும் ஸ்கேனையும் வைத்தே அவற்றை மதிப்பிட நேர்கிறது. பழுதான தராசில் புதிய எடைக்கல்லைச் சரிபார்ப்பது போன்ற சங்கடம் இது.

அரசு அமைப்புகள் ஒரு குறியீட்டை ‘ஏற்பது’ என்றால் என்ன?

ஒரு மருந்து நிறுவனம் தன் சோதனையில் ஏதோ ஒரு புதிய குறியீட்டை அளப்பதற்குத் தடை இல்லை. ஆனால் அதன் அடிப்படையில் மருந்தின் அளவை உயர்த்துவது, சோதனையை நிறுத்துவது போன்ற முடிவுகளை எடுக்க, ‘இந்தக் குறிப்பிட்ட சூழலில் இதை நம்பலாம்’ என்ற முறையான தகுதிச் சான்று உதவுகிறது. சிறுநீரகத்துக்கு இந்தப் பாதை முன்பே வெட்டப்பட்டுவிட்டது: அமெரிக்காவில் கிரிட்டிக்கல் பாத் இன்ஸ்டிடியூட் நடத்தும் முன்னறி பாதுகாப்புச் சோதனைக் கூட்டமைப்பு சமர்ப்பித்த 7 சிறுநீர்க் குறியீடுகளை, எலி ஆய்வுகளில் பயன்படுத்துவதற்காக, அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் 2008இல் ஏற்றுக்கொண்டன. ஐரோப்பாவில் 2019இல் தொடங்கிய ‘டிரான்ஸ்பயோலைன்’ என்ற கூட்டுத் திட்டம் சிறுநீரகம், கல்லீரல், கணையம், இரத்தக் குழாய், மைய நரம்பு மண்டலம் ஆகிய ஐந்துக்கும் மனிதரிடம் செல்லுபடியாகும் காயக் குறியீடுகளைத் தேட முனைந்தது. ஐந்தில் ஒன்றாகக் கணையத்தைச் சேர்த்ததே, இருக்கும் கருவிகள் போதவில்லை என்பதற்கு ஒப்புதல்.

மருந்து தொடங்கும் முன்பே மரபணுவைப் பார்த்து விலக்கிவிடலாமா?

அசதயோப்ரினில் ஓரளவு முடியும். திசு அடையாளத்தைத் தீர்மானிக்கும் எச்எல்ஏ மரபணுப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று 2014இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது: பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த வடிவம் வந்திருந்தால் 9 விழுக்காடு, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 17 விழுக்காடு. ஆனால் 17 விழுக்காடு என்றால் 83 பேருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அதற்குள் இருக்கிறது. இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் டிபிஎம்டி, என்யூடிடி15 என்ற மரபணுப் பரிசோதனைகள் வேறு. இந்தியர்களுக்கு அவை மிகவும் பயனுள்ளவை, ஆனால் வெள்ளணு குறைவதைத்தான் முன்னறிவிக்கும், கணைய அழற்சியை அல்ல.

இந்த மருந்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மாதந்தோறும் லைபேஸ் பார்க்க வேண்டுமா?

அறிகுறி இல்லாதவரிடம் வழக்கமாகப் பார்ப்பதால் பெரும்பாலும் பயனில்லை. மேலே சொன்ன 9,340 பேரின் அனுபவமே சான்று. பார்க்க வேண்டிய வேளை வேறு: மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும், படுத்தால் கூடி முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும் விடாத வலி, வாந்தியோடு வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், எடுத்துவரும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் வால்ப்ரோயேட் போன்ற மருந்தைத் தானாக நிறுத்துவது வலிப்பை வரவழைக்கும். இந்தப் பக்கம் பொதுத் தகவலுக்கானது; உங்கள் அறிக்கையை உங்கள் மருத்துவரோடு வைத்துப் பேசுங்கள்.

காயத்துக்கு அந்த மருந்துதான் காரணம் என்று இரத்தம் சொல்லிவிடுமா?

சொல்லாது. லைபேஸோ டிரிப்சினோஜனோ மைக்ரோ ஆர்என்ஏ-217ஓ, கணையம் காயப்பட்டதைச் சொல்லக்கூடும். காயப்படுத்தியது பித்தக்கல்லா, மதுவா, மாத்திரையா என்பது அவற்றுக்குத் தெரியாது. அதற்குப் பழைய வழிதான்: ஸ்கேனில் கல் இல்லை, மது இல்லை, டிரைகிளிசரைடும் கால்சியமும் இயல்பு என்று ஒவ்வொன்றாக நீக்க வேண்டும், மருந்து தொடங்கிய நாளுக்கும் வலி வந்த நாளுக்கும் இடையே உள்ள காலம் அந்த மருந்தின் வழக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், நிறுத்தியபின் தணிகிறதா என்று கவனிக்க வேண்டும். மறுபடி கொடுத்துப் பார்த்து மறுபடி வந்தால் அதுவே வலுவான சான்று. 2007இல் வெளியான வகைப்பாடு ஒன்று, அத்தகைய சான்று உள்ள மருந்துகளையே முதல் வகுப்பில் வைக்கிறது. ஆனால் ஒரு மருந்தின் குற்றத்தை நிரூபிப்பதற்காக மட்டும் நோயாளிக்கு அதை மீண்டும் கொடுக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார். மாற்று மருந்தே இல்லாத அஸ்பராஜினேஸ் போன்ற இடங்களில், குடும்பத்தோடு பேசி, மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்து, ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் லைபேஸைப் பார்த்தபடி கொடுக்கிறார்கள்.